மீன்தொட்டி ஹூட்டுக்குப் பெயின்ட் அடித்தால் பலகை வளைகிறது, தடுக்க வழி உண்டா?

கப்பிக்கூட்டம்:
வணக்கம் நண்பர்களே. நான்கடித் தொட்டிக்கு (4 x 1½ x 1½) பிளைவுட்டில் ஹூட் (தொட்டிமேல் வைக்கிற மூடிப்பெட்டி) செய்துகொண்டிருக்கிறேன். பக்கங்கள் 12 மி.மீ., மேலே திறக்கிற மூடி ஒரே துண்டாக 6 மி.மீ., இரண்டுமே பி.டபிள்யூ.ஆர். (கொதிநீர் தாங்கும் கிரேடு), ஐ.எஸ். 303 என்ற இந்தியத் தரமுத்திரை இருக்கிறது. வெட்டி, ஒட்டி, ஸ்க்ரூ போட்டாகிவிட்டது. பெயின்ட் மட்டும் பாக்கி. நிறம் எப்படி வரும் என்று பார்க்கலாமே என்று மீந்துபோன 6 மி.மீ. துண்டு ஒன்றில் தண்ணீர் கலக்கிற பிரைமரை ஒரு பக்கம் மட்டும் அடித்து வைத்தேன். காலையில் பார்த்தால் பொரித்த அப்பளம் மாதிரி வளைந்து கிடக்கிறது. சின்னத் துண்டே இப்படி என்றால் நான்கடி மூடி என்ன ஆகும் என்று பயந்து அதைத் தொடாமல் வைத்திருக்கிறேன்.

பெயின்ட் அடிக்கும்போதே வளைவதை எப்படித் தடுப்பது? அப்புறம், அடித்து முடித்துத் தொட்டிமேல் வைத்தபிறகு கீழேயிருந்து ஏறுகிற ஈரத்தில் வளையாமல் இருக்க என்ன பெயின்ட்? எதிர்வீட்டில் ஆசாரி வைத்துச் செய்த ஹூட் ஒரு மழைக்காலத்திலேயே நான்கு மூலையும் மேலே தூக்கிக்கொண்டது, அதைப் பார்த்த பிறகுதான் இந்தக் கவலையே வந்தது.

தச்சுப்பட்டறை:
தம்பி, உங்கள் துண்டு வளைந்ததற்குக் காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். ஒரு பக்கம் மட்டும் அடித்தீர்கள். தண்ணீர் பிரைமரில் இருக்கிற தண்ணீரை அந்த முகம் குடித்து உப்புகிறது, அடிமுகம் காய்ந்தபடியே இருக்கிறது. உப்பிய பக்கம் வெளியே தள்ளும், பலகை வளையும். காய்ந்ததும் கொஞ்சம் திரும்பி வரும், ஆனால் முழுசாக வராது, சில சமயம் எதிர்ப்பக்கம்கூட வளையும்.

எதிர்வீட்டு ஹூட்டும் அதே கதைதான் என்று பார்க்காமலே சொல்லலாம். வெளியே பளபளவென்று இரண்டு கோட், உள்ளே ஒன்றும் இல்லை. பெயின்டரைக் கேட்டால் "உள்ளே யார் சார் பார்க்கப் போகிறார்கள்" என்பார். மீன்தான் பார்க்கும்! உள்முகம் ஈரம் குடித்து நீள்கிறது, வெளிமுகம் அப்படியே நிற்கிறது, அதனால் நடுப்பகுதி தண்ணீரை நோக்கி இறங்கி மூலைகள் மேலே போகின்றன.

செய்யவேண்டியது: இரண்டு முகத்தையும் ஒரே வேளையில் அடியுங்கள். ஒரு முகம் இன்று, மறுமுகம் நாளை என்று வைக்கவேண்டாம். ஒரு பழைய ரீப்பர் கட்டையில் (ஒல்லியான மரச்சட்டம்) ஆணிகளை முனை மேலே வரும்படி அடித்து வையுங்கள், அப்படி இரண்டு மூன்று கட்டை. முதலில் உள்முகத்தை அடித்து, உடனே திருப்பி ஆணி முனைமேல் படுக்கவைத்து வெளிமுகத்தை அடியுங்கள். உள்முகத்தில் விழுகிற புள்ளித் தழும்பு யாருக்கும் தெரியாது. கீழேயும் மேலேயும் காற்று ஒரே மாதிரி ஓடும், அதுதான் முக்கியம். தரையில் நியூஸ்பேப்பர் விரித்து அதன்மேல் போட்டால் மேல்முகம் மட்டும்தான் காயும்.

மொட்டை மாடி வெயிலில் வைக்காதீர்கள். சீக்கிரம் காயும் என்று எல்லோரும் வைக்கிறார்கள், மேல்முகம் சுருங்கிக் கோணிப்போகிறது. நிழலில், காற்றோட்டத்தில் காயட்டும்.

ஏஞ்சல்வால்:
எதற்கு இந்தப் பாடு? மரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு பி.வி.சி. ஃபோம் போர்டில் செய்யுங்கள். தண்ணீரில் ஊறப்போட்டாலும் ஒன்றும் ஆகாது.

கப்பிக்கூட்டம்:
வெட்டி முடித்தபிறகு இதைச் சொல்கிறீர்களே அண்ணா :) மரம்தான் வேண்டும் என்று ஆசைப்பட்டுச் செய்தேன், தொட்டி ஸ்டாண்டும் மரம். @தச்சுப்பட்டறை, ஆணிக் கட்டை யோசனை அருமை. ஆனால் பி.டபிள்யூ.ஆர். என்றாலே கொதிக்கிற தண்ணீரையே தாங்கும் என்றுதானே கடையில் சொல்கிறார்கள்? அது ஏன் ஒரு கோட் பிரைமருக்கு வளைகிறது?

தச்சுப்பட்டறை:
அந்தக் கொதிநீர்க் கணக்கெல்லாம் பசைக்கு, மரத்துக்கு இல்லை. எம்.ஆர். (ஈரம் தாங்குவது), பி.டபிள்யூ.ஆர்., ஐ.எஸ். 710 மரைன் (படகு வேலைக்கானது) என்று எந்த கிரேடு வாங்கினாலும் உள்ளே இருப்பது மரத்தகடுதான், அது ஈரம் குடிக்கும், நீளும், சுருங்கும். கிரேடு ஏற ஏறத் தகடுகள் பிரிந்துவராமல் நிற்கும், அவ்வளவுதான். வளையாது என்று எந்த முத்திரையும் சொல்லவில்லை. பிளையில் தகடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, ஒற்றைப்படை எண்ணிக்கையில் ஒட்டுவதே இரண்டு பக்கமும் சமமாக இழுத்துக்கொள்ளட்டும் என்பதற்காக. நீங்கள் ஒரு பக்கம் மட்டும் பெயின்ட் அடித்தால் அந்தச் சமநிலையைக் கெடுக்கிறீர்கள். ஒருபக்கம் மட்டும் மைக்கா ஒட்டிய அலமாரிக் கதவு வளைவதும் இதனால்தான், விவரம் தெரிந்தவர்கள் பின்பக்கமும் மலிவான மைக்கா ஒன்றை ஒட்டிவிடுவார்கள்.

ஏஞ்சல்வால் சொன்ன போர்டு பற்றி: ஈரத்துக்கு அசையாது, உண்மை. ஆனால் நான்கடி நீளத்துக்கு ரீப்பர் இல்லாமல் மூடியாகப் போட்டால் நாளடைவில் தன் எடையிலேயே தொய்யும். அதன்மேல் லைட்டையும் திருகிவிட்டால் கேட்கவே வேண்டாம். கீல் ஸ்க்ரூவும் பிடிமானம் இல்லாமல் கழன்றுவரும்.

ஏஞ்சல்வால்:
என்னுடையது இரண்டடித் தொட்டி, தொய்யவில்லை. நான்கடிக்கு நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம்.

அளவுகோல்:
இரண்டடிக்கும் நான்கடிக்கும் வித்தியாசம் எவ்வளவு என்று கணக்குப் போட்டே பார்க்கலாம், தொய்வுக்கு இல்லை, வளைவுக்கு. மூடியின் நீளம் 1,200 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முகம் மறுமுகத்தைவிட ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது வெறும் 1.2 மி.மீ., கூடுதலாக நீண்டால் போதும், 6 மி.மீ. பலகையில் நடுவில் 30 மி.மீ. வளைவு வரும். கிட்டத்தட்ட ஒன்றேகால் அங்குலம்! 12 மி.மீ. பலகை என்றால் 15, 18 மி.மீ. என்றால் 10. தடிமன் இரட்டித்தால் வளைவு பாதி.

நீளம் அதைவிட முக்கியம், ஏனென்றால் வளைவு நீளத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுகிறது. அதே 6 மி.மீ. மூடியை இரண்டு இரண்டடித் துண்டாக அறுத்தால் ஒவ்வொன்றிலும் வளைவு 7.5 மி.மீ. மட்டும். மூன்றாக அறுத்தால் சுமார் 3.3. பெயின்ட்டில் எவ்வளவு கவனமாக இருந்தாலும் இரண்டு முகத்துக்கும் நடுவே கொஞ்சம் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும், அந்த வித்தியாசம் கண்ணில் படாத அளவுக்கு மூடியை அமைப்பதுதான் புத்திசாலித்தனம். எனவே தம்பி, மூடியை இரண்டாக அறுங்கள். தீனி போட ஒரு பக்கம் மட்டும் திறந்தால் போதும் என்கிற வசதியும் கிடைக்கும்.

அடிப்பக்கம் குறுக்கே ஒரு ரீப்பர் அல்லது அலுமினிய ஆங்கிள் போட்டால் இன்னும் நல்லது. பெயின்ட்டுக்கு முன்பே பொருத்திப் பார்த்து, கழற்றி, தனித்தனியாக அடித்து, அப்புறம் மாட்டுங்கள்.

கப்பிக்கூட்டம்:
இந்தக் கணக்கு கண்ணைத் திறந்துவிட்டது சார். மூடியை இரண்டாக அறுக்கிறேன்.

நீர்ப்பாசி:
எல்லோரும் பெயின்ட், பலகை என்றே பேசுகிறீர்கள், கவர் கிளாஸ் பற்றி யாருமே கேட்கவில்லையே? தொட்டிக்கும் ஹூட்டுக்கும் நடுவே 4 அல்லது 5 மி.மீ. கண்ணாடி ஒன்று இருந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்தது. ஆவி கண்ணாடியில் முட்டித் துளியாகித் தொட்டிக்கே திரும்பிவிடும், மரம்வரை வருவது கொஞ்சம்தான். ஹீட்டர் போட்டிருந்தால் இது இன்னும் அவசியம், இரவில் அறை குளிரும்போது தண்ணீர் 27, 28 டிகிரியில் நின்றால் ஹூட்டின் உட்பக்கம் வியர்த்துக் கொட்டும்.

ஒரு மூலையில் குழாய்க்கும் தீனிக்கும் இடம் விட்டு வெட்டச் சொல்லுங்கள், ஓரத்தைக் கட்டாயம் தேய்த்து வாங்குங்கள். போர் தண்ணீர் ஊற்றுகிறவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு, கண்ணாடியில் வெள்ளையாக உப்புப் படிந்து வெளிச்சம் குறையும். கழற்றியெடுத்து எலுமிச்சையோ வினிகரோ போட்டுத் துடைத்தால் போய்விடும், அலுத்துக்கொள்ளாமல் செய்யவேண்டும்.

கப்பிக்கூட்டம்:
அக்கா, கண்ணாடியால் மூடினால் மீனுக்குக் காற்று போதுமா?

நீர்ப்பாசி:
போதும். முழுக்க அடைக்கப் போவதில்லையே. பின்பக்கம் நெடுக விரல் அகலம் இடைவெளி விடுங்கள், ஏர் பம்போ ஃபில்டரோ மேல்தண்ணீரை அசைத்துக்கொண்டிருந்தால் கவலையே இல்லை. ஹூட்டின் முதுகிலும் காற்றுப் போக ஓட்டைகள் வேண்டும், கீழே ஒரு வரிசை, மேலே ஒரு வரிசை. கீழ் வரிசையில் காற்று நுழைந்து லைட் சூட்டில் மேலே ஏறி வெளியேறும். அதுவும் இல்லாமல் பெட்டிபோல மூடிவைத்தால் எந்தப் பெயின்ட்டும் காப்பாற்றாது.

பெயின்ட்டப்பா:
எந்தப் பெயின்ட் என்ற கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். முதலில் ஒன்று: எந்தப் பெயின்ட்டும் நீராவியை முழுசாக நிறுத்தாது. வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். எது எவ்வளவு குறைக்கும் என்பதை அமெரிக்காவில் மேடிசன் நகரில் இருக்கிற வனப்பொருள் ஆய்வகம் வெகுகாலம் சோதித்திருக்கிறது, பூசிய மரத்துண்டுகளை 90 சதவீத ஈரப்பதத்தில் வைத்து எடை பார்ப்பார்கள். அதில் கிடைத்த வரிசை நமக்கு உதவும். ஆளி விதை எண்ணெய் தடவுவது ஏறக்குறைய ஒன்றும் தடவாததற்குச் சமம். தண்ணீர் கலக்கிற சாதாரண பெயின்ட்கள் சுமார். சிந்தெடிக் எனாமல் அதைவிடப் பரவாயில்லை. இரண்டு பொருள் கலக்கிற எபாக்ஸி ரொம்ப நல்லது. அப்புறம் எண்ணிக்கை: முதல் கோட்டின் பலன் மிகக் கொஞ்சம், இரண்டும் மூன்றும் போகும்போதுதான் தடுப்பு ஏறுகிறது. ஒரே கோட்டைத் தடியாக அடித்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கவேண்டாம், மெல்லியதாக மூன்று அடியுங்கள்.

உங்களுக்கு என் யோசனை: உள்ளே எபாக்ஸி, வெளியே ஆயில் வுட் பிரைமர் ஒன்று, எனாமல் இரண்டு. தண்ணீர் பிரைமரையே தவிர்த்துவிட்டால் அடிக்கும்போது வளைகிற தொல்லை பெருமளவு குறையும், ஏனென்றால் ஆயில் பிரைமரில் கலக்கிற டர்பன்டைன் மரத்தைத் தண்ணீர் போல உப்பவைக்காது. எபாக்ஸியில் கலவை விகிதத்தை டப்பாவில் போட்டபடியே அளந்து கலக்குங்கள், குத்துமதிப்பாகக் கலந்தால் பிசுபிசுப்பு போகவே போகாது. வெயில் பட்டால் மஞ்சளாகும், உள்ளேதானே, பரவாயில்லை.

வீட்டில் கிடக்கிற பழைய எனாமல் டப்பாவைத் திறக்காதீர்கள். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2016-இல் வந்து 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய டப்பாவில் என்ன இருக்கிறது என்று சொல்லமுடியாது.

தச்சுப்பட்டறை:
உள்ளே எபாக்ஸி, வெளியே எனாமல் என்பதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். இரண்டு பக்கமும் ஒரே சரக்கு, ஒரே எண்ணிக்கை, இதுதான் காலங்காலமாக நாங்கள் செய்வது. கதவானாலும் மேசையானாலும் அதுதான். ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் வேறு என்றால் இழுவை மாறும்.

பெயின்ட்டப்பா:
கதவுக்கு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே காற்றுதானே அண்ணே. ஹூட்டுக்கு அப்படியா? ஒரு பக்கம் வரவேற்பறை, மறுபக்கம் குளியலறை.

அளவுகோல்:
இரண்டு பேரும் வெவ்வேறு வளைவைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அடிக்கும்போது வருகிற வளைவு ஒன்று, அது பெயின்ட்டில் உள்ள ஈரத்தாலும் ஒரு முகம் முந்திக் காய்வதாலும் வருவது. அங்கே தச்சுப்பட்டறை சொல்வது முழுக்கச் சரி, இரண்டு முகமும் ஒரே வேளையில் நனைந்து ஒரே வேளையில் காயவேண்டும். தொட்டிமேல் வைத்தபிறகு வருவது வேறு. உள்ளே 90 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம், வெளியே அறையில் 60, 70. காய்ந்த மரத்தை 65 சதவீதக் காற்றில் வைத்தால் தன் எடையில் 12 சதவீதம் போல ஈரம் பிடித்துக்கொள்ளும், 90 சதவீதக் காற்றில் 20 வரை போகும். பூச்சே இல்லாத பலகையில் ஒரு முகம் 20-ஐயும் மறுமுகம் 12-ஐயும் நோக்கி இழுக்கும், அந்த வித்தியாசம் முழுக்க மரத்துக்குள்ளேயே நிற்கிறது, அதனால்தான் வளைகிறது.

இப்போது உள்முகத்தில் இறுக்கமான எபாக்ஸி இருக்கிறது என்று வையுங்கள். ஈர வித்தியாசத்தின் பெரும்பகுதி அந்தப் படலத்தின் இரண்டு பக்கமும் நின்றுவிடும், மரம் முழுவதும் அறைக் காற்றுக்கு ஏற்றபடி ஓரளவு ஒரே ஈரத்தில் இருக்கும். வளைய வேலை இல்லை. மாற்றிச் செய்து, வெளியே இறுக்கமாகவும் உள்ளே லேசாகவும் பூசினால் மரம் முழுவதும் தொட்டியின் ஈரத்துக்குப் போகும். அப்போதும் பெரிதாக வளையாமல் இருக்கலாம், ஆனால் ஈரம் 20-ஐத் தாண்டிவிட்டால் பூஞ்சை பிடித்து உளுத்துப்போகலாம். எனவே ஒரே சரக்கை இரண்டு பக்கமும் அடித்தாலும் தப்பில்லை. வேறு வேறு அடிப்பதாக இருந்தால் இறுக்கமானது உள்ளே இருக்கட்டும், வெளியே ஒருபோதும் அதைவிட இறுக்கமாக வேண்டாம்.

தச்சுப்பட்டறை:
சரி, இந்த விளக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் மரத்துளையை அடைக்கிற முதல் சீலர் கோட்டாவது இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கட்டும் என்பேன்.

அப்புறம் ஓரம்! பேச்சுவாக்கில் விட்டுப்போச்சு. பிளையின் வெட்டுமுகத்தில் மரநாரின் குழாய் வாயெல்லாம் திறந்து கிடக்கும், பரப்பைவிடப் பல மடங்கு வேகமாகக் குடிப்பது அதுதான். மலிவு பிளையில் நடுத்தகட்டில் சந்தும் இருக்கும். எபாக்ஸி பட்டியால் சந்தை அடைத்து, 120 உப்புத்தாள் போட்டு, அப்புறம் 220 போட்டு, ஓரத்துக்கு மட்டும் ஒரு கோட் கூடுதலாகக் கொடுங்கள். வயர் ஓட்டை, குழாய் ஓட்டை, கீல் ஸ்க்ரூ ஓட்டை, காற்றுத் துளை எல்லாமே ஓரம்தான். அத்தனையையும் முன்பே போட்டுவிட்டு அப்புறம் பெயின்ட் அடியுங்கள். முடித்தபிறகு டிரில்லை எடுத்தால் செய்த வேலை வீண்.

சிங்கைஈரம்:
இங்கே சிங்கப்பூரில் வருடம் முழுக்க உங்கள் ஐப்பசி மாதம்தான், எனவே அனுபவம் கொஞ்சம் உண்டு. பெயின்ட் அடிக்கிற நாளைத் தேர்ந்தெடுங்கள். மழை கொட்டுகிற அன்று பலகையே ஈரம் பிடித்திருக்கும், அதை எபாக்ஸியால் மூடினால் ஈரத்தை உள்ளே பூட்டுகிற மாதிரி. ஹூட் நிற்கப்போகிற அறையிலேயே பலகையைச் சாய்த்து, பின்பக்கமும் காற்று படுகிற மாதிரி சில நாட்கள் வைத்துவிட்டு அப்புறம் ஆரம்பிப்பது நல்லது. ஏ.சி. அறை என்றால் இன்னும் கவனம், வெளிப்பக்கம் நன்றாக வறண்டுபோகும், உள்ளே அதே ஈரம், வித்தியாசம் கூடும்.

ஏற்கெனவே வளைந்த பலகையை நிமிர்த்தலாமா என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டால்: குழிந்த முகத்தை ஈரத்துணிமேல் கவிழ்த்துப் போட்டு, மேலே இருக்கிற புடைத்த முகத்தில் வெயில் படவிடலாம். குழிந்த பக்கம் உப்பும், புடைத்த பக்கம் சுருங்கும். நேரான உடனே எடுத்து, தட்டையான இடத்தில் எடை வைத்துக் காயவிட்டு, இரண்டு பக்கமும் அடிக்கவேண்டும். பிளை அல்லாத முழுமரப் பலகையில் ஓரளவு பலிக்கும். பிளையில் பெரும்பாலும் திரும்பிவிடும், குறுக்கே ஆங்கிள் போட்டு இழுத்துப் பிடிப்பதுதான் வழி.

உவர்நீர்:
நான் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். உப்புத் தெறித்து மரத்தில் படிந்தால் அது காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும், துடைத்துக்கொண்டே இருக்கவேண்டும். கீலும் ஸ்க்ரூவும் ஸ்டெயின்லெஸ் போடுங்கள், நன்னீருக்கும் அதேதான். பித்தளைக் கீல் அழகாக இருக்கும், ஆனால் அதில் வியர்த்த நீர் தொட்டியில் சொட்டினால் செம்பு இறங்கும். இறால் வளர்க்கிறவர்களுக்கு அது ஆகவே ஆகாது.

நீர்ப்பாசி:
செம்பு என்றதும் இன்னொன்று ஞாபகம் வந்தது, இது வளைவதைவிடப் பெரிய விஷயம். ஆசாரிகள் பிளை வேலை என்றாலே கரையான் மருந்தை ஒரு கோட் அடித்துவிட்டுத்தான் தொடங்குவார்கள். கேட்காமலே செய்வார்கள், நல்லெண்ணத்தில்தான். குளோர்பைரிஃபாஸ், பெர்மெத்ரின் மாதிரி மருந்துகள் மீனுக்குக் கொடிய விஷம், ஹூட்டில் அடித்து அதில் வியர்த்த நீர் சொட்டினால் தொட்டியே காலி. ஹூட்டுக்கு அதை அடிக்கவேண்டாம் என்று வாயைத் திறந்து சொல்லவேண்டும். மரைன் பிளையும் மருந்தேற்றிய சரக்குதான். அதைப் பச்சையாகத் தொட்டிமேல் வைக்காமல் எல்லா முகத்தையும் சீல் செய்துவிட்டுத்தான் வைக்கவேண்டும்.

பெயின்ட் வாடையும் அப்படித்தான். தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காகக் காய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. எனாமல் என்றால் மூக்கை வைத்து முகர்ந்தால் ஒன்றுமே தெரியாத நிலை வரும்வரை, மூன்று நான்கு வாரம் ஆனாலும், வெளியே வைத்திருங்கள். ஃபைட்டர், கௌராமி வைத்திருந்தால் கூடுதல் கவனம், அவை மேலே வந்து காற்றை விழுங்குகிற மீன்கள், ஹூட்டுக்குள் தேங்கிய ஆவியை நேராகக் குடிக்கும்.

கப்பிக்கூட்டம்:
நல்லவேளை, நானே செய்ததால் கரையான் மருந்து அடிக்கவில்லை. இன்னொரு சந்தேகம். பிளையை விட்டுவிட்டு மூடியை மட்டும் தேக்குப் பலகையில் செய்தால் வளையாதா? மாமா வீட்டில் பழைய ஜன்னல் தேக்கு கிடக்கிறது.

தச்சுப்பட்டறை:
பழைய தேக்கு என்றால் விடாதீர்கள். தேக்கு மற்ற மரங்களைவிடக் குறைவாக அசையும், பச்சையிலிருந்து முழுக்கக் காய்கிற வரையில் ஆண்டுவளையத்தின் போக்கில் 5.8 சதவீதம், ஆரத்தின் போக்கில் 2.5 சதவீதம்தான் சுருங்கும் என்று புத்தகக் கணக்கு. ஆனால் குறைவாக என்றுதான் சொன்னேன், அசையாது என்று சொல்லவில்லை. இந்த இரண்டு எண்ணும் வேறாக இருப்பதால்தான் அகலப் பலகை குவிந்துபோகிறது, காயும்போது வளையங்கள் நேராக முயல்கிற மாதிரி பட்டைப்பக்கம் குழியும். ஒன்றரை அடி அகலத்தில் ஒரே பலகையைப் போட்டால் தேக்கானாலும் குவியும்.

ஜன்னல் சட்டத்தை மூன்று அங்குலப் பட்டையாக இழைத்து, நான்கு பக்கம் சட்டம் கட்டி, உள்விளிம்பில் காடி (நீளப் பள்ளம்) எடுத்து அதில் 6 மி.மீ. பிளையைச் செருகுங்கள். செருகுகிற பிளைக்குப் பசை போடாதீர்கள், காடிக்குள் அது நீளவும் சுருங்கவும் இடம் இருக்கட்டும். கதவுப் பலகைக்குச் செய்கிற அதே வேலைதான். சட்டம் நேராக நின்றால் நடுவில் இருக்கிற தகடு வளைய முடியாது. குறுக்கே ரீப்பர் போட்டால் முழுமரத்துக்கு ஸ்க்ரூ ஓட்டையை ரீப்பரின் நீளவாட்டில் கொஞ்சம் இழுத்துவிடவேண்டும், இல்லையென்றால் மரம் அசைய இடமில்லாமல் விண்டுபோகும்.

ஒன்று கவனியுங்கள், தேக்கில் எண்ணெய்ப்பசை இருக்கும், பெயின்ட் உரிந்து வரலாம். அடிப்பதற்குச் சற்று முன்னால் தின்னர் தொட்ட துணியால் துடைத்து, அது ஆறின கையோடு முதல் கோட்டைக் கொடுத்துவிடுங்கள். பழைய சட்டத்தில் பெயின்ட் இருந்தால் அதைத் தேய்க்கும்போது முகமூடி போடுங்கள், மேலே சொன்ன ஈயக் கதைதான்.

பெயின்ட்டப்பா:
தேக்குக்குப் போய் எனாமலா? வெளியே நிறமில்லாத பி.யூ. (பாலியூரிதீன் பூச்சு) அடியுங்கள் அய்யா, மரம் தெரியட்டும். உள்ளே வெள்ளை எபாக்ஸி, வெளிச்சமும் நன்றாகத் திரும்பிவரும்.

கப்பிக்கூட்டம்:
மூடி முடிந்தது. மாமா வீட்டுத் தேக்கில் சட்டம், நடுவில் பழைய 6 மி.மீ. பிளையையே அறுத்துப் போட்டேன், இரண்டு கதவாக. ஆணிக் கட்டைமேல் வைத்து இரண்டு முகமும் அடித்தேன், உள்ளே எபாக்ஸி, வெளியே பி.யூ. ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்கே வைத்துப் பார்த்தால் அடியில் ஒரு தாள்கூட நுழையவில்லை. கவர் கிளாஸும் சொல்லியாகிவிட்டது. இப்போது வாடை போகட்டும் என்று வராண்டாவில் நிற்கிறது, வீட்டில் எல்லோரும் எப்போது உள்ளே எடுப்பாய் என்று கேட்கிறார்கள். ஒரே ஒரு சந்தேகம். தொட்டிக்கு வெளியே நிற்கிற கேனிஸ்டர் ஃபில்டரின் குழாய் பின்பக்க ஓட்டை வழியே நுழையும் இடத்தில் குழாய் அசைந்து அசைந்து பெயின்ட்டை உரசுகிறது. அங்கே என்ன செய்வது?

உவர்நீர்:
ஓட்டையில் ரப்பர் வளையம் மாட்டுங்கள், எலக்ட்ரிக்கல் கடையில் பேனல் போர்டு வயருக்கு விற்பார்கள், எல்லா அளவிலும் கிடைக்கும். குழாயைவிட ஒரு சுற்றுப் பெரியதாக வாங்குங்கள். உரசின இடத்தில் மரம் தெரிந்தால் முதலில் எபாக்ஸி தொட்டுவிட்டு, அது காய்ந்தபிறகு வளையத்தை மாட்டுங்கள். லைட் வயரைக் கீழ்நோக்கி ஒரு தொய்வு கொடுத்து ப்ளக்குக்குக் கொண்டுபோங்கள், வயர் வழியே வழிகிற தண்ணீர் அந்தத் தொய்விலேயே சொட்டிவிடும், ப்ளக் வரை போகாது.